நாற்றுத் தட்டில் பூஞ்சணம்: அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

விதை போட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மண்ணின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ படரத் தொடங்குகிறது. மறுநாள் அது இரட்டிப்பாகிறது. வீட்டுக்குள் நாற்று விட்டுப் பார்த்தவர்களில் இந்தக் காட்சியைக் காணாதவர் அரிது. கண்டவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தட்டோடு தூக்கிக் குப்பையில் கொட்டுகிறார்கள். அல்லது மருந்து தேடிக் கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே தேவையில்லை. எப்போது தேவையில்லை, எப்போது தேவை என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைப் போய் ஆண்டிதழில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டில் அடைபட்டுக் கிடந்த நம்மில் பலர் சன்னலோரத்திலும் மாடி முகப்பிலும் கீரையும் மிளகாயும் போட்டோம். சிலரிடம் அந்தப் பழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. அது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. தோட்டப்புற லயத்து வீடுகளின் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் அவரைப் பந்தலும் மிளகாய்ச் செடியும் வைத்திருந்த குடும்பங்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. மண் போயிற்று, ஆனால் சில வீடுகளில் விதை மட்டும் கூடவே வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு பழைய மைலோ டின்னில், என் பாட்டி தோட்டத்திலிருந்து முடிந்து கொண்டுவந்த அவரையின் வழிவந்த விதைகள் இருக்கின்றன. அவற்றைப் பல்லாண்டு வைத்திருக்க முடியாது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் விதையின் உயிர் விரைவில் குறையும். அவ்வப்போது விதைத்துப் புதுவிதை எடுத்தே தீர வேண்டும். கடையில் வாங்கிய விதை அழுகினால் இரண்டு மூன்று வெள்ளி நட்டம். கைமாறி வந்த விதை அழுகினால் ஒரு வழிமுறையே அறுந்துபோகும். ஆகவே பூஞ்சணத்தைப் புரிந்துகொள்வது சிறிய செய்தியன்று.

பூஞ்சணம் என்பது என்ன?

பூஞ்சணம் தாவரமன்று, அதற்குப் பச்சையம் கிடையாது. தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. எனவே ஏற்கெனவே இருக்கும் கரிமப் பொருளின் மேல் நொதிகளைச் சுரந்து, அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. நாம் காணும் வெள்ளைப் பஞ்சு அதன் உடல். நுண்ணிய இழைகள் கோடிக்கணக்கில் பின்னிக் கிடக்கும் வலை அது. பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கதவடைத்துத் தடுக்க முடியாது.

இதை விளங்கிக்கொள்ளத் தெம்பேயைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை. வெந்த சோயா அவரையில் ரைசோப்பஸ் எனும் பூஞ்சணத்தைத் தூவி, ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், வெள்ளை இழை படர்ந்து அவரையை ஒரே பாளமாகக் கட்டிவிடுகிறது. உணவு, ஈரம், வெப்பம் மூன்றும் கூடினால் பூஞ்சணம் என்ன வேகத்தில் வளரும் என்பதற்கு அதுவே சான்று. நாற்றுத் தட்டில் நாம் வைத்திருப்பதும் அதே மூன்றைத்தான். மக்கிய உரத்திலும் தேங்காய் நார்த்தூளிலும் உணவு உண்டு. விதைக்காகத் தெளித்த தண்ணீரில் ஈரம் உண்டு. வெப்பத்தை நம் நாடு இலவசமாகவே தருகிறது. போதாக்குறைக்கு, மலேசியாவில் மாதச் சராசரி காற்று ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. தட்டின் மேல் நெகிழித் தாளையும் போர்த்திவிட்டால் உள்ளே 100 விழுக்காட்டை நெருங்கிவிடும்.

மண்ணின் மேற்பரப்பில் படரும் இத்தகைய வெள்ளைப் பூஞ்சணங்களில் பெரும்பாலானவை மட்குண்ணிகள். அதாவது, செத்த பொருளைத் தின்பவை. உயிருள்ள நாற்றைத் தாக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. சில நாள்களில் எளிதில் கிடைக்கும் உணவு தீர்ந்ததும் அவை தாமாகவே அடங்கிவிடும்.

ஆயினும் நம் பெரியவர்கள் வெள்ளை இழையைக் கண்டால் பதறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ரப்பர் மரத்தின் வேரில் வெள்ளை வடம்போல் படர்ந்து மரத்தையே சாய்க்கும் வெள்ளை வேர் நோயைத் தோட்டங்களில் கண்டவர்கள் அவர்கள். ரிஜிடோபோரஸ் எனும் பூஞ்சணத்தால் வருவது அந்நோய். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கோ அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மாவைத் தெரியும். அவர்களின் அச்சம் பட்டறிவிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பூஞ்சணங்கள் வேறு. நம் தட்டில் படரும் பஞ்சு வேறு.

வெள்ளையெல்லாம் பூஞ்சணமன்று

மருந்தைத் தேடுமுன் கண்டது என்ன என்று தெளிய வேண்டும். நாற்றுத் தட்டில் நம்மை ஏமாற்றும் தோற்றங்கள் சில உண்டு.

முதலாவது, வேர்த்தூவி. முளைவிட்ட விதையிலிருந்து வரும் முதல் வேரைச் சுற்றி வெண்மையான மெல்லிய தூவிகள் தோன்றும். முள்ளங்கி, சவி, கடுகு போன்றவற்றில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஈரத் தாளில் முளைகட்டியவர்கள் பலர் இதைப் பூஞ்சணம் என்று எண்ணி எறிந்துவிடுவதுண்டு. வேறுபாட்டை அறிய ஓர் எளிய வழி: அதன்மேல் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். வேர்த்தூவியானால் வேரோடு ஒட்டி மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரியும். பூஞ்சணமானால் இழையாகவே நிற்கும். வேரில் மட்டுமின்றி விதைத்தோலிலும் பக்கத்து மண்ணிலும் படர்ந்திருக்கும்.

இரண்டாவது, உப்புப் படிவு. உரமிட்ட மண்ணிலும் சரியாகக் கழுவப்படாத நார்த்தூளிலும் நீர் ஆவியாகும்போது வெண்ணிற உப்பு மேலே படியும். இது பஞ்சுபோல் இராது. மாவுபோல் அல்லது பொருக்குபோல் இருக்கும். விரலால் தேய்த்தால் பொடியும், நீரில் கரையும்.

மூன்றாவது, பாசி. பச்சை வழவழப்பாகப் படரும். வெளிச்சமும் இடைவிடாத ஈரமும் சேர்ந்த இடத்தில் வரும். நேரடித் தீங்கு குறைவு. ஆனால் தண்ணீர் மிகுதி என்று நமக்கு அறிவிக்கும் எச்சரிக்கை அது.

நான்காவது, பச்சைப் பொடி பூத்த பூஞ்சணம். முதலில் வெள்ளையாக வந்து பிறகு கரும்பச்சையாக மாறினால் அது பெரும்பாலும் டிரைக்கோடெர்மாவாகவோ பெனிசிலியமாகவோ இருக்கலாம். தேங்காய் நார்த்தூளில் டிரைக்கோடெர்மா இயல்பாகவே இருப்பதுண்டு. அது நாற்றுக்கு நண்பன். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சில வேளைகளில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குடைக்காளான்களும் தொட்டியில் முளைக்கும். அவையும் மட்குண்ணிகளே, செடிக்குத் தீங்கில்லை. ஆனால் உண்ணத்தக்கவை அல்ல. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கண்டவுடன் பிடுங்கி எறிந்துவிடுவது நல்லது.

அஞ்ச வேண்டியது: நாற்றழுகல்

உண்மையான பகை வேறொன்று. அதற்கு வேளாண் நூல்களில் நாற்றழுகல் நோய் என்று பெயர். இதை உண்டாக்குபவை பித்தியம், ரைசோக்டோனியா, பியூசேரியம், பைட்டோப்தோரா ஆகியவை. இவற்றில் பித்தியமும் பைட்டோப்தோராவும் உண்மையான பூஞ்சணங்களே அல்ல. நீர்ப்பூஞ்சணங்கள் எனப்படும் வேறொரு குலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வித்துகளுக்கு நீரில் நீந்தும் ஆற்றல் உண்டு. மண்துகள்களுக்கிடையே நீர் நிறைந்திருந்தால் அது அவற்றுக்கு நெடுஞ்சாலை. தண்ணீர் தேங்கிய தட்டில் இந்நோய் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு விரைந்து செல்வதன் மருமம் இதுதான்.

இந்நோய் இரு கட்டங்களில் தாக்கும். முதற்கட்டத்தில், விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். முளைக்கவில்லையே, விதை பழையதோ என்று நாம் எண்ணிக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில், முளைத்த நாற்று நன்றாக நிற்கும். திடீரெனத் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, பழுப்பாகி, நூல்போல் மெலிந்து, இலை பசுமையாக இருக்கும்போதே சாய்ந்துவிடும். மாலையில் நின்ற நாற்று காலையில் கிடக்கும். ஒன்றைச் சுற்றி அடுத்தடுத்து வட்டமாகச் சாயும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். நாற்றழுகல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பஞ்சை முன்னனுப்பி வருவதில்லை. பஞ்சு தெரிந்தும் நாற்று நலமாக இருக்கலாம். பஞ்சே தெரியாமல் நாற்று சாயலாம். ஆகவே பார்க்க வேண்டியது மண்ணின் நிறத்தையன்று, நாற்றின் கழுத்தை. அப்படியானால் பஞ்சைப் பொருட்படுத்த வேண்டாமா? வேண்டும். ஏனெனில் மட்குண்ணிக்கு ஏற்ற ஈரமும் காற்றோட்டமின்மையும்தான் நாற்றழுகலுக்கும் ஏற்றவை. பஞ்சு நோயன்று, நோய் வரக்கூடிய சூழல் உருவாகிவிட்டது என்ற செய்தி.

உண்மையிலைகள் இரண்டு மூன்று விட்டு, தண்டு முற்றத் தொடங்கியதும் நாற்று இந்நோயைத் தாங்கும் வலிமை பெறுகிறது. அதாவது, நாம் காவல் காக்க வேண்டியது முதல் இரண்டு மூன்று வாரங்களைத்தான்.

கண்டவுடன் செய்ய வேண்டியவை

விதை இன்னும் முளைக்கவில்லை, மேலே வெள்ளைப் பஞ்சு மட்டும் தெரிகிறது என்றால் நான் செய்வது இவ்வளவே. மூடியை எடுத்துவிடுவேன். பஞ்சு திரண்டிருக்கும் இடத்தைப் பழைய கரண்டியால் மெல்ல வழித்தெடுப்பேன். மெல்லியதாகப் படர்ந்திருந்தால் பல்குத்தும் குச்சியால் மேல்மண்ணை லேசாகக் கீறிவிடுவேன். பிறகு கழுவிய மணலையோ உமிக்கரியையோ ஒரு மெல்லிய போர்வையாகத் தூவுவேன். இரண்டிலும் பூஞ்சணத்துக்கு உணவு மிகக் குறைவு, விரைவில் காயும். மேல்மண் வெளிறும்வரை தண்ணீர் விடமாட்டேன். விசிறியை மிகக் குறைந்த வேகத்தில், தட்டுக்கு நேராக இல்லாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பேன். இரண்டு நாளில் பஞ்சு அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முளைக்கும் தறுவாயிலுள்ள விதை முற்றாகக் காய்ந்தால் செத்துவிடும். மேலே காய்ந்திருக்க வேண்டும், கீழே ஈரம் இருக்க வேண்டும். அந்த நடுநிலைதான் இந்தக் கலையின் உயிர்.

நாற்று சாயத் தொடங்கிவிட்டது என்றால் கதை வேறு. சாய்ந்தது பிழைக்காது, அதற்கு வைத்தியம் இல்லை. சாய்ந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு ஒரு பெரிய கரண்டியால் அகழ்ந்து எடுத்து, பையில் கட்டி எறிந்துவிட வேண்டும். உரக்குழியிலோ வேறு தொட்டியிலோ போடக் கூடாது. தனித்தனிக் குழிகள் உள்ள தட்டானால் நோயுள்ள குழிகளை வெட்டிப் பிரித்துவிடலாம். ஒரே பரப்பாக உள்ள தட்டில் பல இடங்களில் சாய்ந்துவிட்டால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முழுவதையும் கைவிட்டு மறுபடி தொடங்குவதே அறிவுடைமை. அந்தத் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிட வேண்டும். வெளுப்பானோடு காடியையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும்.

வராமல் தடுக்க

முதலில் மண். நம் நாட்டில் 3:2:1 கலவை என்று ஒரு மண்கலவை பரவலாகக் கிடைக்கும். மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. வளர்ந்த செடிக்கு அது நல்லது. விதை முளைக்க அது கனம். விதைக்குத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் வாரத்தில் எரு விதைக்குப் பயன்படுவதைவிடப் பூஞ்சணத்துக்கே மிகுதியாகப் பயன்படுகிறது. எனவே நான் தேங்காய் நார்த்தூளும் உமிக்கரியும் சம அளவு கலந்து பயன்படுத்துகிறேன். உமிக்கரி பூச்செடிக் கடைகளில் 'செக்காம் பாக்கார்' என்ற பெயரில் கிடைக்கும். தீயில் வெந்து வந்ததால் அதில் நோய்க்கிருமி குறைவு, காற்றோட்டம் மிகுதி. நார்த்தூளை இருமுறை தண்ணீரில் அலசிப் பிழிந்தால் உப்பு போய்விடும். உண்மையிலை வந்தபின் மிக நீர்த்த உரம் கொடுக்கத் தொடங்கலாம்.

மண்ணை வேகவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஈரமண் முழுவதும் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்து 30 நிமிடம் இருந்தால் நாற்றழுகல் கிருமிகளில் பெரும்பாலானவை மடிந்துவிடும். வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய இட்லிக் கொப்பரை இருந்தால் ஈர நார்த்தூளைத் துணியில் கட்டி ஆவியில் வைக்கலாம். அந்தக் கொப்பரையை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. உரம் கலந்த மண்ணை வேகவைக்கவும் கூடாது. விடுதியில் இருப்பவர்கள் கொதிநீரை ஊற்றி மூடி ஆறவிட்டால் போதும். கிருமி முற்றாக ஒழியாவிட்டாலும் சுமை குறையும். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வேகவைத்த மண் காலி வீடு போன்றது; முதலில் யார் நுழைகிறாரோ அவரே உரிமையாளர். நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் செத்துப்போயிருப்பதால், அழுக்குக் கையாலோ கழுவாத தட்டாலோ நோய்க்கிருமி உள்ளே போனால் முன்னைவிட விரைவாகப் பரவும். ஆகவே வேகவைத்தால் தட்டும் கையும் தண்ணீரும் தூய்மையாக இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஈரம். புட்டுக்கு மாவு பிசறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விதைமண்ணுக்கும் அதே பதம்தான். பிழிந்தால் தண்ணீர் ஒழுகும் மண் புட்டுக்கான மாவன்று. அது தோசை மாவு.

தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்து கொடுப்பது நல்லது. அடியில் துளையுள்ள குவளையையோ தட்டையோ ஒரு விரற்கடை ஆழத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, மண் உறிஞ்சியதும் எடுத்து வடியவிடுங்கள். இதைக் காலையில் செய்தால் பகலில் மேல்மண் காயும். இரவில் செய்தால் விடியுமட்டும் ஈரம் நிற்கும். மிச்சத் தண்ணீரைத் தட்டில் விடவே கூடாது. ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசுப் பெருக இடம் கொடுப்பது இந்நாட்டில் குற்றம். நாற்றைக் காக்கப் போய் டிங்கியை வளர்க்கலாகாது.

மூன்றாவது காற்றும் வெளிச்சமும். விதை முளைக்கும்வரை மூடி வைக்கலாம். ஆனால் நாளுக்கு இருமுறை திறந்து விசிறிவிட வேண்டும். பாதி விதை முளைத்ததும் மூடியை நிரந்தரமாக அகற்றிவிட வேண்டும். மீதிப் பாதிக்காகக் காத்திருந்தால் முளைத்ததும் போய்விடும். முளைத்த உடனே வெளிச்சம் தேவை. இருட்டறையில் நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளரும்; அந்த மெலிந்த தண்டே நாற்றழுகலுக்கு விருந்து. கிழக்குப் பார்த்த சன்னல் சிறந்தது. இல்லையென்றால் வெள்ளை எல்.இ.டி. விளக்கை நாற்றுக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் 12 மணி நேரம் எரியவிடலாம்.

நான்காவது இடைவெளி. மிளகாய், தக்காளி, கத்தரி விதைகளை ஒரு பிடி அள்ளித் தூவாமல் இரண்டு விரற்கடைக்கு ஒன்றாக ஊன்றுங்கள். விதையின் பருமனைப்போல் இரு மடங்கு ஆழம் போதும். ஆழம் கூடினால் வெளிவர நாளாகும். நாளானால் அழுகும் வாய்ப்பும் கூடும்.

மண்ணைச் சுற்றிச் சிறு கரும்பூச்சிகள் பறந்தால் அவை பூஞ்சண ஈக்கள். அவற்றின் புழுக்கள் பூஞ்சணத்தைத் தின்பதோடு இளவேரையும் கடிக்கும். நாற்றழுகல் வித்துகளையும் சுமந்து பரப்பும். மேல்மண்ணைக் காயவிடுவதும், மஞ்சள் நிறப் பசை அட்டையைத் தட்டருகே நிறுத்துவதும் போதிய தீர்வு.

மருந்துகளைப் பற்றி

பட்டைத்தூள் தூவச் சொல்பவர்கள் பலர். பட்டையிலுள்ள சின்னமால்டிகைடு எனும் பொருளுக்குப் பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றல் உண்டு என்பது ஆய்வுக்கூடங்களில் மெய்ப்பிக்கப்பட்டதே. ஆனால் மேலே தூவிய பொடி மேற்பரப்புப் பஞ்சை அடக்குமே தவிர, மண்ணுக்குள் நீந்தும் பித்தியத்தைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மிகுதியாகத் தூவினால் சிறு விதைகளின் முளைப்பையும் கெடுக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. தொட்ட இடத்தில் கொல்லும். சிறிது நேரத்தில் நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடும். நல்லதையும் சேர்த்துக் கொல்லும். ஈரத்தைக் குறைக்காமல் இவற்றைப் பயன்படுத்துவது, கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

நான் நம்புவது டிரைக்கோடெர்மாவை. பூஞ்சணத்தைக் கொண்டே பூஞ்சணத்தை அடக்கும் வழி இது. நோய்ப்பூஞ்சணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு, அதன் சுவரை நொதிகளால் கரைத்து உண்ணும் இயல்புடையது டிரைக்கோடெர்மா. இடத்தையும் உணவையும் முந்திக்கொண்டு பிடித்துவிடுவதாலும் பகைக்கு வழியில்லாமல் செய்கிறது. செம்பனையின் கனோடெர்மாவுக்கு எதிராக மலேசிய ஆய்வாளர்கள் ஆராய்ந்துவரும் உயிரிகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்கறி விதைகளுக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யப் பரிந்துரைக்கிறது. நம்மிடம் இருப்பது பத்து விதை என்றால் ஒரு சிட்டிகையே தாராளம். விதையை லேசாக ஈரப்படுத்தி, தூளில் புரட்டி, நிழலில் உலர்த்தி ஊன்றலாம். இது உயிருள்ள பொருள். காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைக்க வேண்டும். பூஞ்சணக்கொல்லியோடு சேர்க்கக் கூடாது. கடை விதைகள் சில இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருக்கும். அவை ஏற்கெனவே நஞ்சிட்டவை என்பதற்கான அடையாளம். அவற்றுக்கு மீண்டும் நேர்த்தி தேவையில்லை. தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

நம் உடலையும் காத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சண வித்துகள் ஈளை நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். ஒரே அறையை மூவர் பகிரும் விடுதியில், தோழருக்கு ஈளை இருந்தால் நாற்றுத் தட்டைக் கட்டிலருகே வைக்காதீர்கள். மண்பையை முகத்தருகே பிரிக்காதீர்கள்; மண்ணுக்குள் வாழும் லெஜியோனெல்லா எனும் நுண்ணுயிர் தூசியோடு உள்ளே போய் நுரையீரல் அழற்சியை உண்டாக்கிய நேர்வுகள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பதிவாகியுள்ளன. முகக்கவசம் அணிந்து, மண்ணைச் சற்று நனைத்து, காற்றோட்டமான இடத்தில் கையாளுங்கள். கையில் புண் இருந்தால் கையுறை கட்டாயம்.

முளைப்பாரி சொல்லும் பாடம்

வீட்டுக்குள் விதை முளைக்கவைப்பது நமக்குப் புதிதன்று. முளைப்பாரி அதற்குச் சான்று. அம்மன் திருவிழாவுக்கென இருட்டறையில் நவதானியம் முளைக்கவைக்கும் மரபு அது. முளைப்பாரி செழித்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. எனவே அழுகவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடியில் வைக்கோல், அதன்மேல் உலர்ந்து பொடித்த எரு, ஊற்றாமல் தெளிக்கும் தண்ணீர், தூய்மை பேணும் கட்டுப்பாடு என அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லலாம். வைக்கோல் நீரை வடிக்கிறது. நன்கு உலர்ந்து மட்கிய எருவில் பூஞ்சணத்துக்கு எளிய உணவு குறைவு. தெளிப்பதால் மண் சேறாவதில்லை. நெருக்கமாக விதைத்தாலும், சில நாள்களில் விழா முடிந்து நீரில் கரைத்துவிடுவதால் நோய் பரவக் காலம் கிடைப்பதில்லை. நம் நாற்றோ மாதக்கணக்கில் வாழ வேண்டியது. ஆகவே முளைப்பாரியின் நீர்க்கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் இருட்டையும் நெருக்கத்தையும் விட்டுவிடுவோம்.

கைமாறி வந்த விதையை வைத்திருக்கும் நண்பர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். விதை முழுவதையும் ஒரே நாளில், ஒரே தட்டில் போடாதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை இப்போது விதையுங்கள். அது உண்மையிலை விட்டபின் இரண்டாம் பங்கை வேறு குவளைகளில் விதையுங்கள். மூன்றாம் பங்கை நன்கு உலர்த்திக் காற்றுப்புகாத புட்டியில், வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியோடு போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அவரை போன்ற பெருவிதைகளைக் குவளைக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஒன்று அழுகினாலும் அடுத்தது தப்பும். விளைந்ததில் ஒரு பிடியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவையுங்கள். உங்கள் தட்டில் அழிந்தாலும் அவர்கள் பந்தலில் அது காய்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சைக் கண்டால் குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள். மூடியைத் திறங்கள், தண்ணீரை நிறுத்துங்கள், நாற்றின் கழுத்தைக் குனிந்து பாருங்கள். கழுத்து உறுதியாக இருந்தால் கவலை வேண்டாம், நாற்று வளரும்.